ஸ்டேஷன் வாசலில் ஸ்டாப் இல்லை

முன் ஜாமீனுக்கு மனுப் போட்டவன் என்ன செய்வான்? ஊரை விட்டுக் கிளம்புவான். போனை அணைத்துப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, மச்சான் வீட்டிலோ சகலை தோட்டத்திலோ போய்ப் படுத்துக்கொள்வான். ஆர்டர் வந்த பிறகுதான் தாடியும் மீசையுமாக ஊருக்குள் தலைகாட்டுவான். எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த நடைமுறை இது. மனு மதுரை ஹைகோர்ட்டில் கிடக்கும்போது, தன்னைப் பிடிக்க வேண்டிய போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாகவே காலையும் மாலையும் கவர்ன்மெண்ட் பஸ் ஓட்டிக்கொண்டு போன ஒரே மனிதர் ஆவுடையப்பன் அண்ணாச்சிதான். அந்தப் பஸ்ஸில் கண்டக்டர் நான், மாசானம். என் தலையெழுத்து.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வதென்றால் ஸ்டாப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்டாப் என்றால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்துவார். காக்கா மட்டும் உட்கார்ந்திருக்கும் நிழற்குடையிலும் நிறுத்தி, இடப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஸ்டாப் இல்லையென்றால் டிப்போ மேனேஜரே நடுரோட்டில் நின்று கையைக் காட்டினாலும் நிறுத்த மாட்டார். ஒருமுறை அவருடைய சம்சாரம் வேலம்மா மைனி ரேஷன் அரிசியோடு பாதிவழியில் நின்று கைகாட்ட, அதையும் தாண்டிப் போனார். அன்று ராத்திரி மைனி அவருக்கு வெறும் நீராகாரத்தை வைத்துவிட்டு, "சோறு அடுத்த ஸ்டாப்புல கெடைக்கும்" என்று சொன்னதாகக் கேள்வி. மனிதர் அதைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பேச்சும் கிடையாது. கியர் விழாவிட்டால் "சவம்" என்பார். அதற்கு மேல் ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. டிரைவர் சீட்டில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்தாரென்றால் டவுனில் இறங்கும்வரை ரோடு, கண்ணாடி, ஸ்டாப், அவ்வளவுதான்.

இந்த மனிதர்மேல்தான் தங்கமாரி கேஸ் கொடுத்தான். பொய்கை விலக்குக்கு முன்னால் அவனுக்குச் செங்கல் சூளை. மச்சான் ஒன்றியத்தில் பெரிய ஆள். சூளை வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. எழுதிக் கொடுத்து முறையாக ஸ்டாப் வாங்கியிருக்கலாம். அது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். ஒருநாள் கையைக் காட்டினான், அண்ணாச்சி நிறுத்தவில்லை. மறுநாள் பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். அண்ணாச்சி பிரேக் போட்டு இறங்கினார். பைக்கை நிமிர்த்தி ஓரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். திரும்பி வந்து ஏறி வண்டியை எடுத்தார். அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சாயங்காலமே கேஸ் ஆகிவிட்டது. எஃப்.ஐ.ஆரை வாசித்தபோது நான் சிரிப்பதா அழுவதா என்று திகைத்தேன். அண்ணாச்சி எழுத்தில் கொண்டுவர முடியாத வார்த்தைகளால் ஏசினாராம். இரும்புக் கம்பியை ஓங்கினாராம். உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்றாராம். கெட்ட வார்த்தையும் கொலை மிரட்டலும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எவன் கேஸ் எழுதுகிறான்? கொலை மிரட்டலைச் சேர்த்துவிட்டால் ஸ்டேஷனில் ஜாமீன் கிடையாது, நேரே உள்ளேதான். கடலைமிட்டாய்க்குச் சுக்கு சேர்ப்பதுபோல அதைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அண்ணாச்சிக்கு மாசக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். உள்ளே போய் இரண்டு நாள் இருந்துவிட்டால் சஸ்பெண்ட் தானாக வந்துவிடும். சஸ்பெண்டில் இருப்பவனை ரிட்டயர் ஆக விட மாட்டார்கள். கேஸ் முடிகிறவரை அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். ஆயுசு முழுக்க ஒரு மெமோ வாங்காத மனுசன், கடைசி நாளில் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு மாலையோடு வீட்டுக்குப் போவாரா, சப் ஜெயிலில் கம்பி எண்ணுவாரா என்பதுதான் கேள்வி. எனக்கும் மைனிக்கும் சோறு இறங்கவில்லை.

மதுரையில் எஸ்தர்ராணி என்று ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து மனுப் போட்டோம். அன்றைக்கே மைனி துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

"ராசபாளையத்துல எங்க அக்கா வீட்டு மச்சு சும்மாதான கெடக்கு. போயி இருந்துட்டு வாங்க."

"போயி என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் செய்யாண்டாம். இருந்தாப் போதும்."

"அண்ணாச்சி, ஊரு ஒலகத்துல எல்லாரும் செய்யுததுதான்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "ஆர்டர் வந்ததும் வந்துருங்க. ஒரு வாரம் ஒளிஞ்சிருக்கதுல என்ன கொறஞ்சு போச்சு?"

"எதையாச்சும் செஞ்சவன் ஓடுதான். நான் பைக்க எடுத்து ஓரமா வச்சதுக்கு ஓடணுமா வே? ஓடுனா, அடிச்சிட்டுத்தான் ஓடுதான்னு ஆயிரும்லா."

"புடிச்சிட்டுப் போயிட்டா?"

"ஸ்பேர் டிரைவர் கெடையாதுன்னு ஒமக்குத் தெரியும். நான் போனா காலை டிரிப் கட் ஆயிரும். பீடிக்காரப் பொம்பளைங்க டவுனுக்கு நடந்தா போவா?"

மைனி பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். "பீடிக்காரிய நெனைப்பு இருக்கு. கட்டுனவ நெனைப்பு இருக்கா பாரு. மாசானம், இவரக் கூட்டிட்டுப் போயி அந்த இன்ஸ்பெக்டர்கிட்டயே வுட்டுட்டு வாரும். எனக்கு ஒரு வேலை மிச்சம்." சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அதிலும் ஒரு கூத்து. அந்த ஸ்டேஷன் ஏட்டு குருவையா தினமும் எங்கள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறவர். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து அண்ணாச்சி பிடரியைப் பார்த்துக்கொண்டே வருவார். கேஸ் விழுந்த மறுநாள் ஏறியவர் குனிந்து சொன்னார்.

"அண்ணாச்சி, நான் ஒம்மப் பாக்கல. நீரு என்னையப் பாக்கல."

"கண்ணாடியில நல்லாத் தெரியுதீரு ஏட்டையா."

"கொஞ்சம் தெரியாதமாரி இரும் வே. அந்த எஸ்.ஐ.க்கு மேலேருந்து போன் மேல போன் வருது. வெள்ளிக்கெழமை சாயங்காலம் தூக்கணும்னு இருக்காரு. சனி, ஞாயிறு கோர்ட்டு கெடையாது, பாத்துக்கிடும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய், எதிரி, அதாவது அண்ணாச்சி, தலைமறைவாக இருக்கிறார், தேடி வருகிறோம் என்று அவர் கையாலேயே எழுதினார். அவரைக் குறை சொல்லி என்ன. எழுதச் சொன்னதை எழுதினார்.

மதுரையில் அரசு வக்கீல் ஒருதடவை அவகாசம் கேட்டார். அடுத்த தடவை, வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆள் தலைமறைவு என்று வாசித்தார். எஸ்தர்ராணியம்மா எழுந்து, "தலைமறைவா இருக்கிறவர் இந்நேரம் அரசாங்கத்தோட பஸ்ஸை ஓட்டிக்கிட்டிருக்கார். அந்த ஸ்டேஷன் வாசல் வழியாத்தான் பஸ்ஸு போகுது. தேடுற ஏட்டய்யாவும் அதே பஸ்ஸுலதான் வர்றார்" என்றிருக்கிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். முன் ஜாமீன் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் கடைசி ஸ்டாப்பான ஆலடிப்பொய்கையில் எங்களுக்கு முன்னாலேயே ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். இறங்கி வந்து, "ஆவுடையப்பன், வண்டியில ஏறுங்க" என்றார்.

"சார், மதுரையில ஆர்டர் ஆயிட்டு" என்றேன்.

"காப்பி எங்க?"

"வக்கீலம்மா போன்ல இருக்காங்க, பேசுங்க." போனை அவர் காதருகே நீட்டினேன். எஸ்தர்ராணியம்மா என்ன சொன்னாரோ, எஸ்.ஐ. முகம் சுருங்கிப்போய், "சரி மேடம், ஆர்டர் ஆனதா ஒரு லெட்டர் அனுப்பிருங்க" என்றார். ஜீப் போய்விட்டது. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி அதற்குள் பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

தப்பித்தோம் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆர்டரில் மிச்சத்தையும் படித்திருக்க வேண்டும். இன்ன நாளைக்குள் தாலுகா கோர்ட்டில் ஆஜராகி இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றிருந்தது. நானும் மைனியின் தம்பியும் வீட்டுத் தீர்வை ரசீது, ஆதார், போட்டோ எல்லாம் தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க அலைந்து நின்றோம். ஒருவனைப் பிடித்து உள்ளே போடுவதற்கு ஒரு பைக்கும் ஒரு பொய்யும் போதும். அவன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கு இத்தனை முத்திரை வேண்டும். அதுவும் போகட்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.

எஸ்தர்ராணியம்மாவிடம் போனில் கத்தினேன். "என்னம்மா இது, வெளிய வுட்டமாரி வுட்டு கயித்த அவங்க கையில குடுத்திருக்காங்க?"

"எல்லாருக்கும் போடுறதுதான் அண்ணே. ஒருநாள் விட்டாலும் ஜாமீனை ரத்து பண்ணச் சொல்லி அவங்க மனுப் போடுவாங்க. கொஞ்ச நாள் ஒழுங்கா போடட்டும். அப்புறம் தளர்த்தச் சொல்லிக் கேட்போம்."

பத்தரை மணிக்கு எங்கள் பஸ் எங்கே இருக்கும்? அந்த ஸ்டேஷன் வாசலில்தான். கடவுளே பார்த்துப் பண்ணினது என்று எனக்கு ஒரே சந்தோஷம். "அண்ணாச்சி, வாசல்ல ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க, எறங்கிப் போட்டுட்டு ஏறிருங்க. சோலி முடிஞ்சுது" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டேஷன் வாசல்ல ஸ்டாப் இல்லையே."

எனக்கு வந்த கோபத்துக்கு டிக்கெட் பையை ரோட்டில் வீசியிருப்பேன். "ஒரு நிமிசம் நிப்பாட்டுனா குடியா முழுகிரும்?"

"தங்கமாரிக்கு நிப்பாட்டல. எனக்குன்னா நிப்பாட்டுவேனா? அப்போ அவன் கேட்டதும் நியாயம்தான்னு ஆவாதா வே?"

அடுத்த ஸ்டாப் பால்பண்ணை. ஸ்டேஷனிலிருந்து நல்ல தூரம். அங்கே முறையாக நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார். நடை பாதி, ஓட்டம் பாதி. அறுபதைத் தொடப்போகிற மனுசன், காக்கிச் சட்டை முதுகெல்லாம் நனைய, ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வருவதைப் பஸ் மொத்தமும் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு நாள் ஒரே ஏச்சு. பீடிக்கடைக்குத் தாமதமாகப் போனால் நல்ல இலை தீர்ந்துவிடும். பிரம்மசக்தி அக்காதான் பீடிக்காரிகளுக்குத் தலைவி. மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ கண்டக்டரே, ஒங்க அண்ணாச்சிக்குக் கிறுக்கா? வாசல்ல நின்னாத்தான் என்னவாம்?"

"நீங்களே கேளுங்கக்கா. நான் கேட்டு அலுத்தாச்சு."

அண்ணாச்சி மூச்சு வாங்க ஏறியதும் அவள் கேட்டாள். அவர் அதே பதிலைச் சொன்னார். அக்கா தட்டிலிருந்து ஒரு இலையை எடுத்துச் சுருட்டினாள். பிறகு, "இந்தாளக் கட்டிக்கிட்டு வேலம்மா எப்படித்தான் பொழைக்காளோ" என்றாள்.

ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப் பெண்கள் சரியான சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நிறுத்தியதும் மளமளவென்று ஏறினார்கள். பேச்சு, பேரம், பாக்கிச் சில்லறைச் சண்டை ஒன்றும் இல்லை. அண்ணாச்சி நடக்கும் நேரத்தை அவர்கள் அங்கங்கே மிச்சம் பிடித்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. என் சர்வீஸில் நான் கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

தங்கமாரி சில நாள் ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் பஸ் நின்றால் படம் பிடித்து டிப்போவுக்கு அனுப்பலாம் என்று கணக்கு. பஸ் நிற்காமல் அவனைத் தாண்டிப் போகும். பிறகு அண்ணாச்சி வியர்த்து ஒழுக அவன் முன்னாலேயே நடந்து வருவார். படம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

கடைசி டூட்டி நாள் வந்தது. அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், போன மனிதர் திரும்பவில்லை. இறங்கி ஓடினேன். ஸ்டேஷன் பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். குருவையா ஏட்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரைட்டர் வெளிய போயிருக்காரு. நோட்டு அவர் பீரோவுல இருக்கு. வந்ததும் போட்டுட்டுப் போகட்டும்" என்றார் எஸ்.ஐ., பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சார், ரோட்டுல வண்டி நிக்கி. இன்னைக்கு அவருக்குக் கடைசி நாளு."

"அப்போ போகச் சொல்லு. கையெழுத்து வரலைன்னு எழுதிக்கிடுதேன்."

காத்திருந்து போட்டால் வண்டி ரோட்டில் கிடக்கும், நடுரோட்டில் பஸ்ஸைப் போட்டுவிட்டுப் போனான் என்று அவரைக் கடைசி நாளில் மாட்டிவிடலாம். போனால் ஜாமீன் போகும். இப்படி ஒரு யோசனை அந்த வயசில் ஒருவனுக்கு எப்படி வருகிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பயந்திருந்தார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரம்மசக்தி அக்கா பீடித்தட்டோடு ஏறி வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். வராந்தா ஓரமாக வரிசையாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். வராந்தா நிறைந்து படிக்கட்டும் நிறைந்தது. புகையிலை நெடி உள்ளே வந்தது.

"என்னம்மா இது?" என்று எஸ்.ஐ. எழுந்து வந்தார்.

"ஒண்ணுமில்ல சார். டிரைவர் வந்தாத்தான் வண்டி போவும். வெயிலா இருக்கு. அதுவரைக்கும் இப்படி நெழல்ல இருந்துக்கிடுதோம்" என்றாள் அக்கா, இலையிலிருந்து கையை எடுக்காமல். "சாயங்காலம் ஆனாலும் ஒண்ணுமில்ல. நீங்க ஒங்க வேலையப் பாருங்க சார்."

எஸ்.ஐ. படிக்கட்டுவரை எட்டிப் பார்த்தார். பிறகு குருவையாவைப் பார்த்து, "பீரோவைப் பாருய்யா, சாவி எங்கயாவது கெடக்கும்" என்றார். சாவி ஏட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் டிப்போவில் மாலை போட்டார்கள், மேனேஜர் சால்வை போர்த்தினார், மிக்ஸரும் லட்டும் கொடுத்தார்கள். கைது இல்லை, சஸ்பெண்ட் இல்லை. மைனி வாசலில் ஆரத்தி சுற்றிக்கொண்டே, "இனிமே எந்த ஸ்டாப்புலயும் நிக்காண்டாம், வீட்டோட கெடங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நான் ஒரு முட்டாள்.

மறுநாள் காலை ஆலடிப்பொய்கை ஸ்டாப்பில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நின்று கைகாட்டினார். ஏறி, சில்லறையை நீட்டி டிக்கெட் வாங்கி, ஏட்டு சீட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தரை மணிக்குக் கையெழுத்து.

புது டிரைவர் ஜெபசிங் நல்ல பையன். ஸ்டேஷன் வரும்போது அவனாகவே வண்டியை மெதுவாக்கி ஓரம் கட்டினான். "பெரியவரே, எறங்கிக்கிடுங்க" என்றான்.

அண்ணாச்சி அசையவில்லை. "இங்க ஸ்டாப் இல்ல தம்பி. பால்பண்ணையில நிப்பாட்டு."

ஜெபசிங் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். பால்பண்ணையில் இறங்கினார். இத்தனை நாளும் அவர் திரும்பும்வரை வண்டி அங்கே நின்றது, வண்டியே அவருடையது என்பதால். இனி நிற்க முடியாது. பிரம்மசக்தி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசிலை வாயில் வைத்தேன், ஊத வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, எரிச்சலாகவும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

கீழே நின்று அவர் என்னைப் பார்த்தார். "விசிலக் குடும் வே. பொம்பளைங்களுக்கு லேட்டாவுது" என்றார்.

ஊதினேன். வண்டி கிளம்பிற்று. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். தளர்த்தச் சொல்லி எஸ்தர்ராணியம்மா மனுப் போட்டிருக்கிறார். மறு உத்தரவு இன்னும் வரவில்லை.